அம்மா வீட்டுச் செடி

செல்வலட்சுமி அந்த ரோஜாக் குச்சியை ஈரத் துண்டில் சுற்றிக் கொடைக்கானலிலிருந்து கொண்டுவந்தபோது பஸ்ஸில் சிரிக்காத ஆளில்லை. தீபாவளி முடிந்த கையோடு பட்டாசுக் கம்பெனியில் வேலையாட்களை ஒரு நாள் சுற்றுலா கூட்டிப்போயிருந்தார்கள். மற்ற பெண்கள் சாக்லேட்டும் தைலமும் வாங்கிக்கொண்டிருக்க, இவள் ஏரிக்குப் போகும் வழியில் ஒரு வீட்டு வேலியோரம் நின்றுவிட்டாள். உள்ளே ஒரு ரோஜா. மொட்டு ஏறக்குறையக் கறுப்பு. விரிந்த பூ ஆட்டு ஈரலின் நிறம். வாசம் வேலியைத் தாண்டி ரோட்டுக்கு வந்தது. செடியைக் கவாத்து பண்ணிக்கொண்டிருந்த அம்மாள் இவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வெட்டிப்போட்டிருந்த கிளைகளில் ஒன்றை எடுத்து நீட்டினாள். பெயர்கூடக் கேட்கவில்லை.

“குளுரு நாட்டுச் செடிடி. நம்மூரு வெயில்ல கருவாடாப் போகும்” என்றாள் சண்முகத்தாய். அவள் பக்கத்து வீட்டுக்காரி. கம்பெனியிலும் இரண்டு பேருக்கும் ஒரே ஷெட், புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கும் வேலை.

“போனாப் போகட்டும்க்கா. ஒரு குச்சிதான?”

ஆனால் போகவிடவில்லை. எம். புதுப்பட்டியில் அவள் வீட்டுக் குளியலறைச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற அளவு மண் இருந்தது. காலை வெயில் மட்டும் விழும் இடம்; பத்து மணிக்குமேல் சுவரின் நிழல் வந்துவிடும். குச்சியின் அடியைச் சாய்வாகச் சீவி, மணலும் மக்கிய சாணியும் கலந்து நட்டு, அடிப்பாகம் வெட்டிய தண்ணீர் பாட்டிலை மேலே கவிழ்த்துவைத்தாள். இருபத்தேழாம் நாள் சிவப்பாக ஒரு துளிர் தலைகாட்டியது. அன்றைக்கு அவள் கணவன் முனியராஜையும் மகள் பானுப்பிரியாவையும் கூப்பிட்டுக் காட்டினாள். முனியராஜ் குனிந்து பார்த்துவிட்டு, “இதுக்கா இம்புட்டு சத்தம்?” என்றான்.

முதல் கோடையில் செடி ஒற்றைக் கொம்பாக நின்றது. இரண்டாம் வருஷம் இலைக்கு அடியில் சிலந்திப்பூச்சி கூடு கட்டியது. அவள் ஒவ்வொரு இலையாகத் திருப்பித் துடைத்தாள். டீத்தூள் சக்கை, முட்டை ஓடு, மீன் கழுவின தண்ணீர், ஆட்டுப் புழுக்கை என்று எது கிடைத்தாலும் அங்கேதான் போகும். பஞ்சாயத்துக் குழாயில் பத்து நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வரும் காலத்திலும் அரிசி களைந்த தண்ணீரை ஒருநாளும் வீணாக்கியதில்லை. மூன்றாம் வருஷம் மார்கழியில் பூத்தது. மலையில் பார்த்ததைவிடச் சின்னப் பூ, ஓரம் சற்றுக் கருகியிருந்தது. வாசம் மட்டும் குறையவில்லை. அலுமினியப் பவுடரும் கந்தகமும் அவள் தோலுக்குள்ளேயே போய்விட்டிருந்தன. எந்தச் சோப்புக்கும் போகாத நெடி. விடிகாலையில் அந்தப் பூவுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனால், கொஞ்ச நேரம் தன் மேலிருந்து எந்த நெடியும் வராதது போல இருக்கும் அவளுக்கு.

அந்த மாசியில் கம்பெனியின் கலவை ஷெட் ஒன்று வெடித்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம் என்பதால் உள்ளே ஆளில்லை. அதிகாரிகள் வந்து மொத்தக் கம்பெனிக்கும் சீல் வைத்துவிட்டுப் போனார்கள். முனியராஜுக்கு மட்டும் முதலாளி மணிகண்டராஜின் குடோனில் லோடு ஏற்றும் வேலை தொடர்ந்தது. ஒருநாள் முதலாளி அவனிடம், “ஒம் பொஞ்சாதி செடி கொடியெல்லாம் நல்லாப் பாப்பாளாமே. எங்க வீட்டுல மாடித்தோட்டத்துக்கு ஒரு ஆள் தேடுறாக. அனுப்பேன்” என்றார்.

இப்படித்தான் செல்வலட்சுமி சிவகாசியில் ஐஸ்வர்யாவின் வீட்டு மாடிக்கு வந்தாள்.

ஐஸ்வர்யா முதலாளியின் மனைவி. விருதுநகரில் மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பெண், முப்பத்திரண்டு வயது, சிரித்த முகம். வேலைக்காரர்களை விரட்டிப் பேசுகிற பழக்கம் கிடையாது. முதல் நாளே “செல்விக்கா” என்றுதான் கூப்பிட்டாள். மாடியில் நூற்றுக்கும் மேல் தொட்டிகள். அவற்றை வீடியோ எடுத்துப் போடுவாள்; அதை ஊர் ஊராக ஆட்கள் பார்த்தார்கள். பெங்களூரிலிருந்து வரவழைத்த ரோஜாக்கள் தட்டு மாதிரி பூத்திருந்தன. ஒன்றுக்கும் வாசமில்லை.

“எங்க வீட்டுல ஒரு செடி நிக்குதும்மா. பூ சிறுசுதான். ஆனா தெருவுக்கே மணக்கும்” என்று செல்வலட்சுமி ஒருநாள் வாய்விட்டாள். அதை ஏன் சொன்னோம் என்று பின்னால் அவள் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். சொல்லாமல் இருந்திருக்க முடியாது என்றுதான் அவளுக்குப் படும். பெருமையாகச் சொல்லிக்கொள்ள அவளிடம் வேறு என்ன இருந்தது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐஸ்வர்யாவின் கார் எம். புதுப்பட்டிக்கே வந்துவிட்டது. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குளியலறைச் சந்துக்குள் வந்து, பூவில் மூக்கை வைத்தவள் அப்படியே நின்றாள்.

“ஐயோ செல்விக்கா! எங்கன இருந்துக்கா பிடிச்சீங்க இதை? எங்க அம்மா வீட்டுலகூட இப்படி ஒண்ணு முந்தி நின்னுச்சுன்னு நெனைக்கேன். எனக்கு நாலு குச்சி வேணுமே.”

செல்வலட்சுமி ஐந்து குச்சி வெட்டிக் கொடுத்தாள், ஒன்று பட்டுப்போனாலும் நாலு தேறட்டும் என்று. பானுப்பிரியா டீ போட்டுக் கொண்டுவந்தாள், வீட்டிலிருந்த ஒரே பீங்கான் கப்பில். ஐஸ்வர்யா கப்பைக் கையில் வாங்கி, “இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்மா” என்று ஜன்னல் திண்டில் வைத்தாள். பூ ஒன்றைப் பறித்துத் தலையில் வைத்துக்கொண்டாள். கார் போன பிறகு டீயில் ஆடை படிந்திருந்தது. பானுப்பிரியா அதைச் சாக்கடையில் ஊற்றினாள்.

“பூவு மட்டும் ஆகுமாம்” என்றாள்.

“சும்மா இரு. நெசமாவே குடிச்சிட்டு வந்திருப்பாக” என்றாள் செல்வலட்சுமி.

ஐந்து குச்சியும் பிடித்தன. மலைக்காற்று இல்லாவிட்டாலும் மாடியில் பச்சை வலைப் பந்தலும் சொட்டுநீரும் இருந்தன. அவளுடைய கையும் இருந்தது. ஒரு வருஷத்தில் அந்த ஐந்து செடிகள் இடுப்பளவு வந்து, தாய்ச்செடியைவிடப் பெரிய பூவாகப் பூத்தன. கம்பெனி இன்னும் திறக்கவில்லை. செல்வலட்சுமி மாடியிலேயே நீடித்தாள்.

தை மாதம் ஒருநாள் சாயங்காலம், கல்லூரியிலிருந்து வந்த பானுப்பிரியா செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை நீட்டினாள்.

“எம்மா, இங்க பாரு.”

போனில் ஐஸ்வர்யா. பின்னால் அந்த ஐந்து தொட்டிகள். “இந்த டார்க் ரெட் ரோஸ் எங்கயும் விலைக்குக் கிடைக்காது ஃப்ரெண்ட்ஸ். விருதுநகர்ல எங்க அம்மா வீட்டுக் கொல்லையில நாப்பது வருஷமா நிக்கிற செடி. கல்யாணமாகி வரும்போது ஒரே ஒரு குச்சி கொண்டாந்தேன். நான் எம்புட்டோ அழுது அழுது காப்பாத்தின செடி இது.” கீழே ஆயிரக்கணக்கான பேர் இதயம் போட்டிருந்தார்கள். உங்கள் கைக்கு ஒரு ராசி இருக்கிறது என்று ஒருத்தி எழுதியிருந்தாள்.

செல்வலட்சுமி இரண்டாம் தடவை போடச் சொன்னாள். மூன்றாம் தடவையும் போடச் சொன்னாள். அந்த வீடியோவில் ஓரிடத்தில், தொட்டிக்குப் பின்னால், தண்ணீர்க் குழாயைப் பிடித்திருக்கும் ஒரு கை தெரிந்தது. அவளுடைய கைதான்.

“நான் கீழ எளுதப் போறேன்” என்றாள் பானுப்பிரியா.

“வேண்டாம் தாயி. அவுக வீட்டுச் சோத்தத் திங்கிறோம். ஒங்கப்பாவும் அவுக குடோன்லதான் நிக்காரு. ஒரு வார்த்த, போனாப் போகுது.”

“ஒரு வார்த்தையா அது?”

மகள் சரி என்று தலையாட்டினாள். ஆனாலும் எழுதிவிட்டாள். கால்மணி நேரத்துக்குள் ஐஸ்வர்யா அதை அழித்துவிட்டாள் என்பதெல்லாம் செல்வலட்சுமிக்கு அப்போது தெரியாது. மறுநாள் மாடியில் ஐஸ்வர்யா சிரித்த முகத்தோடுதான் கேட்டாள்: “செல்விக்கா, ஒங்க பொண்ணு பேரு பானுப்பிரியாதான? எந்தக் காலேஜு?”

அன்றிலிருந்து அந்தச் செடிக்கு ஆர்டர் வர ஆரம்பித்தது. கோயம்புத்தூர், சேலம், சென்னை. செல்வலட்சுமிதான் குச்சி வெட்டினாள், பையில் வேர்பிடிக்க வைத்தாள், வேரை ஈரத் தென்னைநாரில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடைத்தாள். புஸ்வாணம் அடைத்துப் பழகிய கை. ஒரு இலைகூடக் கசங்காது. பெட்டிமேல் ஒட்டுகிற சீட்டில் ‘ஐஸ்வர்யா ரோஸ்’ என்று அச்சடித்திருந்தது.

மே மாதம் ஐஸ்வர்யா குடும்பம் துபாய்க்குக் கிளம்பியது. பன்னிரண்டு நாள்.

“நீங்க இங்கனயே தங்கிக்கோங்கக்கா. கீழ ரூம் இருக்கு. வெயில் மண்டையப் பொளக்குது, காலைல ஒருக்க சாயங்காலம் ஒருக்க தண்ணி காட்டலன்னா அம்புட்டும் போயிரும். ஒங்கள விட்டா நான் யார நம்புவேன்?”

செல்வலட்சுமி தங்கினாள். தினமும் வீடியோவில் கூப்பிட்டு ஒவ்வொரு தொட்டியாகக் காட்டச் சொல்வாள் ஐஸ்வர்யா. இவள் வீட்டுக்குப் போன் செய்யும்போதெல்லாம் முனியராஜிடம், “சந்துச் செடிக்கு ஒரு செம்பு தண்ணி ஊத்துனீகளா?” என்று கேட்டாள். “ஊத்துதேன், ஊத்துதேன்” என்றான். மகள் அந்த வாரம் பரீட்சைக்காகத் தோழி வீட்டில் இருந்தாள்.

அவன் ஊற்றாமல் இல்லை. இரண்டு நாள் ஓவர்டைம் என்று மறந்திருந்தான். மூன்றாம் நாள் பார்த்தால் இலை மஞ்சளித்துத் தொங்கியது. பயந்துபோய், சோளக்காட்டில் வேலை பார்க்கும் கூட்டாளியிடம் யூரியா கேட்டு வாங்கி, இரண்டு கை நிறைய அள்ளி வேரில் போட்டு, ஒரு குடம் தண்ணீரும் ஊற்றினான். காய்ந்த மண்ணில் அவ்வளவு யூரியா. செல்வலட்சுமி திரும்பி வந்தபோது சந்தில் ஒரு கரிக்கொம்பு நின்றது. நகத்தால் கீறிப் பார்த்தாள். மேலே பழுப்பு. இன்னும் கீழே கீறினாள். மண்ணுக்குள் விரலை விட்டு வேர்வரை கீறினாள். எங்கும் பச்சை இல்லை.

“நல்லா வளரட்டும்னுதான் லெச்சுமி போட்டேன்” என்றான் முனியராஜ். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தே சொன்னான். அவள் தன் கையைப் பார்த்தாள். துபாயில் இருந்தவளின் செடிகளுக்கு இருபத்து நாலு வேளை தண்ணீர் காட்டினது இந்தக் கை. தன் செடிக்கு ஒரு செம்பு ஊற்ற ஆளில்லை.

சண்முகத்தாய்தான் சொன்னாள்: “இதுல அழ என்னடி இருக்கு? அங்கன மாடில கொத்துக் கொத்தா நிக்குதுங்க. ஒரு குச்சி ஒடிச்சிட்டு வா.”

ஒடித்துவர மனமில்லை. கேட்டே வாங்குவோம் என்று நினைத்தாள்.

“ஐயோ, பட்டுப்போச்சா!” என்றாள் ஐஸ்வர்யா. உண்மையாகவே வருத்தமாகத்தான் சொன்னாள். “தர்றேன்க்கா. ஆனா இப்ப வெட்டக் கூடாது, ஷூட்டு இருக்கு.” ஆடியில் கேட்டபோது, “ஆர்டர் நெறைய நிக்குது, அடுத்த தடவை பாப்போம்” என்றாள். ஆவணியில் கேட்டபோது போனிலிருந்து நிமிராமலே, “ஒரு குச்சிதானக்கா, எங்க போயிரப் போகுது. ஒங்க பொண்ணு வேற என்னென்னமோ எளுதுறா. நான் அதெல்லாம் மனசுல வச்சுக்கிடுறவ இல்ல” என்றாள். அப்போதுதான் செல்வலட்சுமிக்கு விஷயம் விளங்கியது. அன்றைக்கும் அவள் முகம் தெரியாத பதினெட்டுப் பேருக்குப் பெட்டி கட்டினாள்.

மறுநாள் அவள் ஒரு குச்சியை வெட்டினாள். பென்சில் கனத்தில், நாலு கணு உள்ளதாகப் பார்த்து. ஈரத்துணியில் சுற்றித் தூக்குவாளிக்கு அடியில் வைத்துப் பையை மூடினாள். படியிறங்கினாள். என் செடிதானே, என் செடிதானே என்று ஒவ்வொரு படிக்கும் சொல்லிக்கொண்டாள்.

வாசலில் வாட்ச்மேன் சோலைச்சாமி உட்கார்ந்திருந்தார். முன்பு கம்பெனி கேட்டில் பீடி, தீப்பெட்டி, போன் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தவர். வேலையாட்களின் பையைத் திறந்து பார்ப்பது இங்கேயும் வழக்கம். வழக்கம்போலப் பேருக்குத் திறந்தார். துணியைத் தொட்டார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

“அண்ணாச்சி, அது எங்க வீட்டுச் செடி” என்றாள் அவள்.

“தெரியும் தாயி. எனக்குத் தெரியாதா?” அவர் குரல் இறங்கியது. “கேமரா பாத்துக்கிட்டு இருக்கு. நான் விட்டா நாளைக்கு என்னைய அனுப்பிருவாக.”

ஐஸ்வர்யா கத்தவில்லை. திருடி என்ற வார்த்தையைச் சொல்லவுமில்லை. ஹாலில் மேசைமேல் அந்தக் குச்சி கிடந்தது; பக்கத்தில் செல்வலட்சுமியின் தூக்குவாளி, சோற்றுப்பருக்கை ஒட்டிய மூடியோடு. “எங்க வீட்டுக்காரவுக காதுக்குப் போனா குடோன்லருந்து முனியராஜ் அண்ணனையும் நிப்பாட்டிருவாக. எனக்கு அது பிடிக்காது” என்றாள் ஐஸ்வர்யா. பிறகு அவளே முகம் மலர்ந்து, “ஒண்ணு பண்ணுவோம்க்கா. நானே ஒங்களுக்குக் குடுக்கேன். முறையா, எல்லாரும் பாக்குற மாதிரி. யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதுல்ல?” என்றாள்.

மாடியில் வெளிச்சம் நன்றாக இருந்தது. செல்வலட்சுமியின் தலையில் ஒரு பூவைச் சொருகிவிட்டாள் ஐஸ்வர்யா. போனை ஒரு தொட்டிமேல் சாய்த்துவைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து தோளில் கை போட்டாள். இவ்வளவு நாளில் அவள் தொட்டது அதுதான் முதல் தடவை.

“ஹாய் ஃப்ரெண்ட்ஸ். இவங்க எங்க வீட்டு வேலைக்கார அக்கா, செல்விக்கா. ரொம்ப நாளா நம்ம ரோஸ் மேல ஆசை. இன்னைக்கு அவங்களுக்கு என் கையால ஒரு குச்சி. சில பேரு இது எங்க அம்மா வீட்டுச் செடி இல்லன்னு தப்பா எளுதுறாங்க. தினமும் இதைப் பாத்துக்கிடுற அக்காவே சொல்லட்டும். சொல்லுங்கக்கா, இது யாரு வீட்டுச் செடி?”

போனுக்குள் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுங்கியது. மாடிப்படி வாசலில் சோலைச்சாமி தலையைக் குனிந்து நின்றார். செல்வலட்சுமிக்குக் கொடைக்கானல் வேலியோ, பாட்டில் கவிழ்த்த குச்சியோ ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. லோடு ஏற்றிவிட்டு முதுகைப் பிடித்துக்கொண்டு வரும் முனியராஜ்தான் கண்முன் வந்தான்.

“ஒங்க அம்மா வீட்டுச் செடிம்மா” என்றாள்.

“கொஞ்சம் சிரிச்சாப்புல சொல்லுங்கக்கா.”

சிரித்தாற்போலச் சொன்னாள்.

அந்தக் குச்சி பஸ்ஸில் மடியில் கிடந்தது. வழியில் எறிந்துவிடலாம் என்று இரண்டு தடவை ஜன்னல்வரை கொண்டுபோனாள். குச்சி என்ன செய்யும் என்று திரும்ப மடியில் வைத்துக்கொண்டாள். சந்தில் உப்புப் பூத்த மண்ணை முழங்கை ஆழம் தோண்டி அள்ளிப் போட்டுவிட்டுப் புதுமண் இட்டு நட்டாள். மறுநாளிலிருந்து மாடிக்குப் போகவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்று முனியராஜ் சொல்லிவிட்டான். ஐஸ்வர்யா ஆள் விட்டும் கூப்பிடவில்லை. அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டிருந்தது.

வீடியோவை ஊரே பார்த்திருந்தது. குழாயடியில் சண்முகத்தாய் குடத்தை வைத்துவிட்டுக் கேட்டாள்: “எம்புட்டுக் குடுத்தாக?”

“எதுக்குக்கா?”

“அப்படிச் சொல்லுததுக்கு. நீ ஈரத்துண்டுல சுத்திக் கொண்டாந்ததப் பாத்தவ நான். நாப்பது பேரு பாத்தோம். சும்மாவா சொல்லிருப்ப?”

ஒன்றுமே வாங்கவில்லை என்று செல்வலட்சுமி சொன்னாள். சண்முகத்தாய் நம்பவில்லை. நம்பியிருந்தால் இன்னும் கேவலமாக நினைத்திருப்பாளோ என்னவோ. மகளிடம் பையில் குச்சி பிடிபட்ட கதையைச் செல்வலட்சுமி சொல்லவில்லை; அப்பாவின் வேலையைப் பற்றியும் சொல்லவில்லை. பானுப்பிரியாவும் கேட்கவில்லை. நான் எழுதினதைப் பொய்யாக்கிட்டியே என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். பிறகு வீட்டில் உப்பு எங்கே, சாவி எங்கே என்ற அளவுக்குத்தான் பேச்சு.

ஐப்பசி மழையில் குச்சி துளிர்த்தது. கார்த்திகையில் கம்பெனிக்கு வைத்திருந்த சீல் நீங்கியது. செல்வலட்சுமி பழைய ஷெட்டுக்கே திரும்பினாள். மாசியில் முதல் பூ விரிந்தது. அதே நிறம், அதே வாசம். எந்தக் குறையும் சொல்ல முடியாது. விடிகாலையில் அதைப் பறித்துக்கொண்டுவந்து, தலைவாரிக்கொண்டிருந்த மகளிடம் நீட்டினாள்.

பானுப்பிரியா கண்ணாடியிலேயே பார்த்தாள். “எனக்கு வேண்டாம்மா. அடுத்தவுக அம்மா வீட்டுப் பூவ நான் வைக்க மாட்டேன்.”

தெருமுனையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. செல்வலட்சுமி பூவைத் தன் கொண்டையில் சொருகிக்கொண்டு, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஓடினாள். சண்முகத்தாய்க்குப் பக்கத்தில்தான் இடம் இருந்தது. உட்கார்ந்தாள். வேன் நிறைய வாசம் பரவியது. திருத்தங்கல் ரோடு திரும்புகிறவரை ஒருத்திகூட அந்தப் பூவைப் பற்றி வாய் திறக்கவில்லை.